பாட்டிக் துணி விற்று வாங்கிய மணல்காடு

அய்யா ராசா,

ஞாயிற்றுக்கிழமை ராத்திரி நீ போனை வைத்த பிறகு எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. அப்பா தூங்கி வெகு நேரம் ஆகியும் நான் பட்டாசலில் வந்து உட்கார்ந்து நீ சொன்னதையே நினைத்துக்கொண்டிருந்தேன். மூன்று வருஷமாக ஏழு பேர் சேர்ந்து நடத்துகிற ஓவியக் கூடம், வாடகை 32 ஆயிரத்துக்கு ஏறிவிட்டது, வீட்டுக்காரர் அட்வான்ஸையும் கூட்டிக் கேட்கிறார், படம் விற்று நாலு மாசம் ஆகிறது, மார்ச்சோடு மூடிவிடலாம் என்று இருக்கிறோம் என்றாய். இதெல்லாம் எனக்குப் புரிகிறது. துட்டு கணக்கு எனக்கும் தெரியும், இரண்டு பிள்ளைகளைப் படிக்கவைத்தவள்தானே.

ஆனால் நடுவில் ஒன்று சொன்னாய். "கேலரின்னு போர்டு மாட்டிட்டு, கப்புலயும் டி-ஷர்ட்லயும் படம் போட்டு வித்துக்கிட்டு இருக்கோம்மா, கல்யாண வீட்டுக்கு ஆள் படம் வரைஞ்சு குடுக்கோம், வெக்கமா இருக்கு" என்றாய். உன் குரல் அந்த இடத்தில் இறங்கிப் போனது. வாடகையைப் பற்றிப் பேசும்போதுகூட அப்படி இறங்கவில்லை. அதனால்தான் எழுதுகிறேன். போனில் சொன்னால் நீ "சரிம்மா, சரிம்மா" என்று சொல்லிக்கொண்டே வேறு சோலி பார்ப்பாய். காகிதமென்றால் கையில் இருக்கும், இன்றைக்கு இல்லாவிட்டால் நாளைக்குப் படிப்பாய்.

இத்தனை வருஷம் சென்னையில் இருக்கிறாய், மகாபலிபுரத்துக்கு எத்தனை தடவை பைக்கில் போயிருப்பாய், வழியில் இஞ்சம்பாக்கத்தில் சோழமண்டல் ஓவியர் கிராமம் என்று ஒரு பலகை இருக்குமே, அதற்குள் ஒரு தடவையாவது போயிருக்கிறாயா? போன வருஷம் கேட்டதற்கு "வெளியே இருந்து பார்த்திருக்கேன்" என்றாய். நான் 1984ல் போயிருக்கிறேன். ஓவிய ஆசிரியர் வேலைக்கு ஒரு நேர்காணலுக்காக மெட்ராஸ் வந்தபோது, நேர்காணல் முடிந்ததும் உன் மாமா என்னை பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போனான். அப்போது ஈ.சி.ஆர். இந்த அகலமெல்லாம் கிடையாது. பஸ்ஸை விட்டு இறங்கினால் இரண்டு பக்கமும் மணலும் சவுக்கும்தான், கடல் எங்கே என்று கண்ணுக்குத் தெரியாது, காதுக்கு மட்டும் தெரியும். உள்ளே ஒரு மர நிழலில் ஒருவர் சம்மணம் போட்டு உட்கார்ந்து செம்புத் தகட்டைச் சுத்தியலால் தட்டிக்கொண்டிருந்தார். நம்ம ஊரில் பாத்திரக்கடைக்குப் பின்னால் தட்டுவார்களே, அதே சத்தம். எனக்கு அது எவ்வளவு ஆறுதலாக இருந்தது தெரியுமா? காலையில் நேர்காணலில் என்னைக் கேட்ட கேள்விகளில் ஒன்றுகூட வரைவதைப் பற்றி இல்லை. இங்கே வந்தால், கலைஞர் என்று சொல்லப்படுகிற ஒருவர் நம் தெருக் கன்னாரைப் போல வியர்த்துப்போய் உட்கார்ந்திருக்கிறார்.

அந்த இடம் எப்படி வந்தது என்பதைத்தான் உனக்குச் சொல்ல வேண்டும்.

கே.சி.எஸ். பணிக்கர் என்று ஒருவர். 1911ல் கோயம்புத்தூரில் பிறந்தவர். அப்பா இறந்ததும் படிப்பை விட்டுவிட்டுத் தந்தி இலாகாவில் வேலைக்குப் போனார். சில வருஷம் அந்த வேலை பார்த்துவிட்டு, 1936ல் அதை உதறிவிட்டு மெட்ராஸ் ஓவியப் பள்ளியில் மாணவராகச் சேர்ந்தார். அந்தக் காலத்தில் சர்க்கார் சம்பளத்தை விட்டுவிட்டு வரையப் போகிறேன் என்று ஒரு பிள்ளை சொன்னால் வீட்டில் என்ன நடந்திருக்கும்? நீ கம்பெனி வேலையை விட்டபோது நம்ம வீட்டில் நடந்ததைவிடக் கூடுதலாகத்தான் நடந்திருக்கும். அப்பா உன்னோடு ஒரு மாசம் பேசவில்லை. அந்த ஒரு மாசமும் நான் பணிக்கரை நினைத்துக்கொண்டேன், உன்னிடம் சொல்லவில்லை.

பிறகு அதே பள்ளியில் வாத்தியார் ஆனார், 1957ல் முதல்வரும் ஆனார். அவருக்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்தவர் தேவிபிரசாத் ராய் சௌத்ரி. மெரினாவில் உழைப்பாளர் சிலை இருக்கிறதே, நாலு பேர் பாறையை நெம்புகிற மாதிரி, அதைச் செய்தவர். அந்தப் பள்ளிக்கே ஒரு கதை உண்டு. 1850ல் அலெக்சாண்டர் ஹண்டர் என்கிற ஒரு வெள்ளைக்கார டாக்டர் ஆரம்பித்தது. படம் வரையச் சொல்லித்தருவதோடு மண்பாண்டம், மரவேலை, உலோக வேலை என்று கைத்தொழில்களையும் சொல்லிக்கொடுத்த இடம் அது. அதாவது கலை தனி, கைவேலை தனி என்று பிரிக்காமல் பிறந்த பள்ளிக்கூடம். இதை மனசில் வைத்துக்கொள், பின்னால் வரும்.

பணிக்கர் முதல்வராக இருந்தபோது அவருக்கு ஒரு கவலை. வருஷா வருஷம் நல்ல நல்ல பிள்ளைகள் படித்து முடித்து வெளியே போகிறார்கள். போய் என்ன செய்வது? படம் வாங்க அப்போது மெட்ராஸில் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? பம்பாயிலாவது கல்கத்தாவிலாவது பணக்காரர்கள் படம் வாங்கினார்கள், இங்கே பாட்டுக் கச்சேரிக்கும் நாட்டியத்துக்கும் இருந்த மரியாதை சுவரில் மாட்டுகிற படத்துக்கு இல்லை. ஆக, நன்றாக வரைகிற பையன் ஏதாவது ஒரு ஆபீசில் போய் உட்கார்ந்துவிடுவான். ஐந்து வருஷம் கழித்துப் பார்த்தால் தூரிகையைத் தொட்டிருக்க மாட்டான்.

அப்போதுதான் அவர்கள் ஒரு முடிவுக்கு வந்தார்கள். பாதி நேரம் கைவேலை செய்து விற்போம், அந்தத் துட்டில் சாப்பிடுவோம், மீதி நேரம் யாருக்காகவும் இல்லாமல், யார் வாங்குவார் என்று பார்க்காமல், மனசுக்குத் தோன்றியதை வரைவோம். இதற்காக ஒரு சங்கம் வைத்தார்கள், ஓவியர் கைவினைச் சங்கம். பாட்டிக் துணி, உலோகச் சாமான், தோல் வேலை, மண் சாமான் என்று செய்தார்கள். எல்லாவற்றிலும் நன்றாக விற்றது பாட்டிக்தான்.

பாட்டிக் என்ன என்று உனக்குத் தெரியும், ஆனால் செய்து பார்த்திருக்க மாட்டாய். நான் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கைக்குட்டையில் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். வெள்ளைப் பருத்தித் துணியில் பென்சிலால் கோடு போட்டுக்கொள்ள வேண்டும். தேன்மெழுகும் பாரபின் மெழுகும் கலந்து உருக்கி, எந்த இடம் வெள்ளையாக நிற்க வேண்டுமோ அங்கே தூரிகையால் பூச வேண்டும். மெழுகு சூடு குறைந்தால் துணியின் மேலேயே நின்றுவிடும், உள்ளே இறங்காது. சூடு கூடினால் ஓடி வழிந்துவிடும். சரியான சூட்டில் தொட்டால் துணி அந்த இடத்தில் கண்ணாடி மாதிரி ஆகும், பின்பக்கம் திருப்பினால் அங்கேயும் அதே கோடு தெரியும். அப்புறம் சாயத்தொட்டி. சாயம் ஆறியிருக்க வேண்டும், சூடாக இருந்தால் பூசிய மெழுகெல்லாம் இளகிப்போகும். முதலில் மஞ்சள், காய்ந்ததும் மஞ்சள் எங்கே நிற்க வேண்டுமோ அங்கே மறுபடி மெழுகு, பிறகு சிவப்பு, மறுபடி மெழுகு, கடைசியில் கறுப்பு. அந்தக் கடைசிச் சாயத்துக்கு முன்னால் துணியைக் கையில் வைத்து லேசாகக் கசக்குவோம். காய்ந்த மெழுகு படக் படக்கென்று விரியும். அந்த விரிசலுக்குள் கறுப்பு புகுந்து நரம்பு மாதிரி ஓடும். கொதிக்கிற தண்ணீரில் போட்டு மெழுகை எடுத்து விரித்துப் பார்க்கும்போது பிள்ளைகள் எல்லாம் ஒரே சமயத்தில் "ஆ"வென்று வாயைத் திறப்பார்கள். ஏனென்றால் அந்த நரம்பு எங்கே ஓடும் என்று செய்தவளுக்கே தெரியாது. ஒரே கையால், ஒரே மெழுகில், ஒரே தொட்டியில் போட்ட இரண்டு கைக்குட்டை ஒன்றுபோல இருக்காது.

இதைக் கைவேலைதானே என்று தள்ள எனக்கு மனசு வராது. துணியில் சாயம் எப்படி ஏறும், ஒரு நிறத்துக்கு மேல் இன்னொரு நிறம் போனால் என்ன ஆகும், எதை விட்டுவைக்க வேண்டும் என்று மாசக்கணக்கில் கை பழகினவர்கள் அவர்கள். வெள்ளையை முதலிலேயே முடிவு செய்து காப்பாற்ற வேண்டும், போனால் திரும்ப வராது. இந்தப் பழக்கம் ஒருத்தனுடைய படத்துக்குள் வராமல் போகுமா? நீ ஆள் படம் வரைந்து கொடுக்கிறேன் என்று வெட்கப்படுகிறாய். இரண்டு வருஷமாக எத்தனை முகம் வரைந்திருக்கிறாய் என்று எண்ணிப் பார். போன பொங்கலுக்கு வந்தபோது ஆச்சியை வரைந்தாயே, அதில் ஆச்சியின் வாய் எப்படி வந்தது? பல் போன வாயில் வெற்றிலை ஒதுக்கின அந்தக் கன்னம். காலேஜில் படித்தபோது உன்னால் அப்படி வரைந்திருக்க முடியாது. அந்தக் கல்யாண வீட்டு முகங்கள்தான் உனக்கு அதைக் கற்றுக்கொடுத்தன.

கதைக்கு வருகிறேன். கைவினைப் பொருட்கள் விற்ற பணத்தைச் சேர்த்து, 1966ல் அவர்கள் ஊருக்கு வெளியே இஞ்சம்பாக்கத்தில் கடற்கரையோரமாக நிலம் வாங்கினார்கள். அப்போது அது வெறும் மணல்காடு. சுமார் முப்பது பேர் சேர்ந்தார்கள். ஆளுக்கு ஒரு மனை, பொதுவுக்குக் கொஞ்சம் இடம். முதலில் வந்தவர்கள் ஓலைக் குடிசையில் இருந்தார்கள். சோழமண்டலக் கரை என்று பழைய பெயர் இருக்கிறதல்லவா, அதையே ஊருக்கு வைத்தார்கள். பணிக்கர் அடுத்த வருஷம் பள்ளியிலிருந்து ஓய்வு பெற்றார்.

அரசாங்கம் கட்டிக்கொடுத்த ஊர் இல்லை அது. எந்தச் செட்டியாரும் ஜமீன்தாரும் எழுதி வைத்த நிலமும் இல்லை. மெழுகு உருக்கின கைகள் வாங்கின நிலம். அந்த 1984ல் எனக்கு இதைச் சொன்னவர் அங்கே வந்து போகிறவர்களுக்குக் காட்சிக்கூடத்தைத் திறந்து காட்டுகிற ஒருவர்தான், பெரிய பெயர் ஒன்றும் இல்லை, ஆனால் அவர் அந்த இடத்தைச் சொல்லும்போது தன் வீட்டுக்கு அடித்தளம் போட்ட கதையைச் சொல்லுகிற மாதிரி சொன்னார். நான் திரும்ப பஸ்ஸில் ஏறியதும் மாமாவிடம் சொன்னேன், வேலை கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை, இதைப் பார்த்தேனே என்று. அவன் என் தலையில் ஒரு குட்டு வைத்தான்.

அங்கே இருந்தவர்கள் எத்தனை விதம்! ஜே. சுல்தான் அலி, வாசுதேவ், அவர் மனைவி அர்னவாஸ், விஸ்வநாதன், ஹரிதாசன், கோபிநாத், சேனாதிபதி, ஜெயபால பணிக்கர், பணிக்கரின் மகன் நந்தகோபால். தமிழ், மலையாளம், கன்னடம் என்று வீட்டுக்கு வீடு ஒரு பேச்சு. சுல்தான் அலி கிராமத்துச் சாமிகளையும் பழங்குடி வடிவங்களையும் எடுத்துக்கொண்டார், நந்தகோபால் செம்பை வளைத்துப் பற்றவைத்து நம்ம கோயில் வாகனம் மாதிரி எதிரே நிற்கிற சிலைகள் செய்தார். ஒருவர் மாதிரி இன்னொருவர் வரையவில்லை. பக்கத்து பக்கத்து வீட்டில் இருந்துகொண்டு அப்படி இருப்பது லேசில்லை. உங்கள் ஏழு பேருக்குள் யார் படம் முன்சுவரில் மாட்டுவது என்று சண்டை வந்ததாகச் சொன்னாயே, அங்கேயும் அதெல்லாம் இல்லாமலா இருந்திருக்கும்? கொஞ்சம் பேர் விட்டுப் போனார்கள். விஸ்வநாதன் பாரிசுக்குப் போய்விட்டார், வாசுதேவ் பெங்களூருக்குப் போனார். போனார்கள் என்பதால் ஊர் கலையவில்லை.

ஒருவரைப் பற்றி மட்டும் தனியாக எழுத வேண்டும். கே. ராமானுஜம். பேச்சு சரியாக வராத பிள்ளை, சின்ன வயசிலிருந்து எல்லோரும் ஒதுக்கி வைத்தார்கள். பணிக்கர்தான் அவரைப் பள்ளியில் சேர்த்து வைத்துக்கொண்டார், பிறகு சோழமண்டலுக்கும் கூட்டி வந்தார். அவர் பேனாவும் மையும் வைத்துக் கோடு கோடாக ஒரு ஊரே வரைவார், மாளிகை, படிக்கட்டு, பறக்கிற பெண்கள், விநோதமான மிருகங்கள், நடுவில் தொப்பி போட்டுக்கொண்டு அவரே நிற்பார். வெளியே அவருக்குக் கிடைக்காத மரியாதையெல்லாம் அந்தக் கோட்டு ஊருக்குள் அவருக்குக் கிடைத்தது. 1973ல், முப்பது வயசு சொச்சத்தில், தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டார். இவ்வளவு பேர் சுற்றி இருந்த ஊரில்.

இதை ஏன் எழுதுகிறேன் என்றால், உங்கள் ஏழு பேரில் ஒருவன் கூட்டத்துக்கு வருவதில்லை, போன் எடுப்பதில்லை, வந்தாலும் மூலையில் உட்கார்ந்து போய்விடுகிறான் என்று நீ இரண்டு தடவை சொல்லிவிட்டாய். பெயர் எழுதவில்லை, உனக்குத் தெரியும். கூடம் மூடுகிறதோ நடக்கிறதோ, அது அப்புறம். இந்த வாரம் நீ அவன் ரூமுக்குப் போ. எதுவும் பேச வேண்டாம், சேர்ந்து சாப்பிட்டுவிட்டு வா. அடுத்த வாரமும் போ. அவனுக்குச் சொதி பிடிக்கும் என்றாயே, நம்ம வீட்டுக்கு வந்தபோது மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டான். எப்படிச் செய்வது என்று கேட்டால் சொல்கிறேன்.

சரி. இப்போது நம்ம சீமைக்கு வருகிறேன். இது உனக்குத் தெரியாத கதை என்று நினைக்கிறேன்.

நம்ம பட்டாசலில், ஆச்சி கட்டிலுக்கு மேலே ஒரு பழைய லட்சுமி படம் தொங்குகிறதே, அட்டை பழுப்பேறி, ஓரத்தில் கரையான் அரித்தது. அது காலண்டர் படம். தாத்தா துணிக்கடையில் வாங்கின வருஷம் எனக்குத் தெரியாது, கீழே இருந்த தேதித்தாள் எப்போதோ கிழிந்துவிட்டது. அந்த மாதிரிப் படங்களை வரைந்தவர் கொண்டையராஜு. அவரும் மெட்ராஸ் ஓவியப் பள்ளியில் படித்தவர்தான், பணிக்கருக்கு வெகு காலம் முன்னால். படித்து முடித்துவிட்டு திருவண்ணாமலையில் ரமணர் ஆசிரமத்தில் இருந்தார், பிறகு நாடகக் கம்பெனிக்குத் திரை எழுதினார், 1940களில் கோவில்பட்டிக்கு வந்து அங்கேயே தங்கிவிட்டார். கோவில்பட்டி அப்போது நம்ம திருநெல்வேலி ஜில்லா. பக்கத்தில் சிவகாசி, அங்கே அச்சகம். அவர் எழுதின சாமி படங்கள் சிவகாசியில் காலண்டராக அச்சாகி, வீடு வீடாக, கடை கடையாக, லாரி டிரைவர் சீட்டுக்கு முன்னால்கூட ஏறிவிட்டன. காட்சிக்கூடத்துக்குள் காலெடுத்து வைக்காத ஜனங்கள் வீட்டுக்குள்ளேயே அவர் படத்தை வைத்துக் கும்பிட்டார்கள். 1976ல் இறந்தார்.

அவருக்குப் பெரிய சீடர் கூட்டம். சுப்பையா, ராமலிங்கம், அருணாசலம் என்று. படத்தின் அடியில் பார்த்தாயானால் சிலவற்றில் குருவின் பெயரும் சீடரின் பெயரும் சேர்ந்தே இருக்கும். நம்ம லட்சுமி படத்தின் கீழே இடது மூலையில் தூசியைத் துடைத்துப் பார்த்தேன், கரையான் அந்த இடத்தைத்தான் தின்றிருக்கிறது. பாதி எழுத்து மட்டும் மிச்சம். ஆனால் லட்சுமியின் கால் விரலைப் பார்த்தேன், ராசா. தாமரை இதழை மிதித்திருக்கிற விரலுக்கடியில் இதழ் லேசாக மடங்கியிருக்கிறது. நாற்பது வருஷம் அதற்குக் கீழே நடமாடியிருக்கிறேன், நேற்று ராத்திரிதான் பார்த்தேன். துணிக்கடைக்காரர் இலவசமாகக் கொடுக்கப்போகிற ஒரு காலண்டருக்கு, ஒரு மனுஷர் அந்த இதழை மடக்க வேண்டும் என்று நினைத்து வரைந்திருக்கிறார்.

ஒரே பள்ளிக்கூடம். அங்கிருந்து ஒருவர் கோவில்பட்டிக்கு வந்து காலண்டர் எழுதினார், இன்னொருவர் இஞ்சம்பாக்கத்துக்குப் போய் மணலில் ஊர் கட்டினார். படித்தவர்கள் இந்த இரண்டையும் ஒரு வரிசையில் வைக்க மாட்டார்கள், ஒன்று கலை, ஒன்று பஜார் சரக்கு என்பார்கள். நான் முப்பது வருஷத்துக்கு மேல் டிராயிங் சொல்லிக்கொடுத்தவள், எனக்கு அப்படித் தோன்றவில்லை. இரண்டு பேரும் கைவேலையில் வயிற்றைக் கழுவினார்கள், இரண்டு பேரும் தனியாக இல்லாமல் கூட்டமாக வேலை செய்தார்கள், இரண்டு பேரும் பிள்ளைகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டார்கள்.

குற்றாலத்துக்கு உன்னைக் கூட்டிப்போனபோது நீ அருவிக்கு ஓட வேண்டும் என்று அழுதாய், நான் இழுத்துக்கொண்டு சித்திர சபைக்குப் போனேன், ஞாபகம் இருக்கிறதா? கோயிலுக்குள் இல்லாமல் தனியாக, குளத்துக்கு எதிரே. அஞ்சு சபைகளில் நடராசர் செம்பாகவோ பொன்னாகவோ இல்லாமல் சுவர்ச் சித்திரமாக ஆடுகிற சபை அது. நீ தரையில் மல்லாந்து படுத்துக்கொண்டு பார்த்தாய், தரை சில்லென்று இருக்கிறது என்றாய். திருப்புடைமருதூர் கோபுரத்துக்குள் ஏறினதும் அப்படித்தான். அஞ்சு நிலை, இருட்டு, செங்குத்தான படி, அப்பா டார்ச் பிடிக்க, கப்பலில் குதிரை வந்து இறங்குகிற படத்தை நீதான் முதலில் கண்டுபிடித்துக் கத்தினாய். நம்ம பக்கத்து ஜனங்களுக்குப் பொதுக் காட்சிக்கூடம் என்பது புதுசு இல்லை, டிக்கெட் இல்லாமல், உடை பார்க்காமல், கன்று மேய்க்கிறவனும் போய்ப் பார்க்கிற மாதிரி இருந்திருக்கிறது. நீங்கள் ஏழு பேரும் ஞாயிற்றுக்கிழமை தெருப் பிள்ளைகளை உள்ளே விட்டு வரையச் சொல்கிறீர்களே, அதைக் கேட்டபோது எனக்கு அந்தச் சில்லென்ற தரைதான் ஞாபகம் வந்தது.

இன்னொன்று. நீ மூன்றாவது படிக்கும்போது திருவனந்தபுரம் போனோம். மிருகக்காட்சிச் சாலை என்று சொல்லித்தான் உன்னைக் கிளப்பினேன். அதே வளாகத்தில் ரவிவர்மா படங்கள் இருக்கிற கூடமும் இருக்கிறது, பணிக்கருக்கென்று தனிக் கூடமும் இருக்கிறது. ரவிவர்மா கூடத்தில் அப்பாவுக்குக் கண் எடுக்கவில்லை. பணிக்கர் கூடத்தில் நீ ஒரு படத்துக்கு முன்னால் நின்றுகொண்டாய். கட்டம் கட்டமாக, அதற்குள் மலையாள எழுத்து மாதிரி, ஆனால் படித்தால் வார்த்தை வராது, ஓரத்தில் பாம்பும் பறவையும். 1963 வாக்கில் தொடங்கி அந்த வரிசைப் படங்களை எழுதினார், சொற்களும் குறியீடுகளும் என்று பெயர். நீ கேட்டாய், "எம்மா, இது யாரோட ஜாதகம்?" பக்கத்தில் நின்ற காவலாளிகூடத் திரும்பிப் பார்த்தார். நான் பதில் சொல்லவில்லை, தெரியாததால் இல்லை, நீயே பார்க்கட்டும் என்று. வீட்டுக்கு வந்து ஒரு வாரம் கணக்கு நோட்டில் கட்டம் போட்டு எழுத்து மாதிரி எழுதிக்கொண்டே இருந்தாய். அந்த நோட்டு என்னிடம் இருக்கிறது.

நான் வேலை பார்த்த ஒரு பள்ளிக்கூடத்தில் காலாண்டு, அரையாண்டு நெருங்கினால் டிராயிங் பீரியடை எடுத்துக் கணக்குக்குக் கொடுத்துவிடுவார்கள். பதினொரு வருஷம் அங்கே இருந்தேன். ஒவ்வொரு தடவையும் போய்க் கேட்டேன், ஒவ்வொரு தடவையும் "பரீட்சை முடியட்டும் டீச்சர்" என்பார்கள். கடைசியில் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தேன், வருகிற பிள்ளைகள் வரட்டும் என்று. நாலு பேரில் ஆரம்பித்து நாற்பது பேர் வந்தார்கள். சாயம், மெழுகு எல்லாம் என் சம்பளத்தில். பிறகு அந்தக் கைக்குட்டைகளைப் பள்ளி ஆண்டு விழாவில் விற்று அந்தச் செலவைப் பிள்ளைகளே எனக்குத் திருப்பிக் கொடுத்தார்கள். ஒரு டப்பாவில் சில்லறையாக. அந்த நாளில் எனக்கு இருந்த சந்தோஷத்தைச் சொல்ல வராது. விற்றது என்பதில் எனக்கு ஒரு துளி வெட்கமும் இருந்ததில்லை.

இப்போது உங்கள் கணக்குக்கு வருகிறேன். நீ அனுப்பின வரவு செலவைப் பார்த்தேன். கப்பு, டி-ஷர்ட், ஆள் படம் எல்லாவற்றிலும் சேர்த்து மாசம் 40 ஆயிரத்துக்குக் குறையாமல் வருகிறது. படத்தில்தான் வரவில்லை. ஆனால் அந்த 40 ஆயிரமும் அவரவர் பைக்குப் போகிறது, வாடகை மட்டும் பொதுவில் நிற்கிறது. இதுதான் உங்கள் கோளாறு, எனக்கு அப்படித்தான் படுகிறது. சோழமண்டலில் கைவேலைத் துட்டைப் பொதுவில் போட்டார்கள், அதனால்தான் நிலம் வந்தது. நிலம் தங்கள் பெயரில் இருந்ததால்தான் யாரும் வந்து காலி பண்ணச் சொல்ல முடியவில்லை. நீங்கள் இப்போதே நிலம் வாங்க முடியாது, சென்னையில் என்ன விலை என்று எனக்குத் தெரியும். ஆனால் ஒன்றாக ஒரு கணக்கு ஆரம்பிக்கலாம். கைவேலையில் வருவதில் இவ்வளவு பங்கு பொதுவுக்கு என்று ஏழு பேரும் உட்கார்ந்து எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். கூடத்தை இந்த விலைக்கு வைத்துக்கொள்ள முடியாதென்றால் ஊருக்கு வெளியே சின்ன இடம் பாருங்கள், அவர்கள் மணல்காட்டுக்குத்தானே போனார்கள். முன்னால் ஒரு மேஜையில் கப்பு இருக்கட்டும், மறைத்து வைக்க வேண்டாம். வாங்க வந்தவர் உள்ளே சுவரையும் பார்ப்பார். பார்க்காவிட்டாலும் சரி, அவர் கொடுத்த துட்டில் அந்தச் சுவரில் ஒரு படம் தொங்குகிறது.

சோழமண்டலில், பணிக்கரும் அவரோடு இருந்தவர்களும் வளர்த்த மெட்ராஸ் ஓவிய இயக்கத்துக்கென்று நிரந்தரமாக ஒரு அருங்காட்சியகம் 2009ல்தான் வந்தது. நிலம் வாங்கி 43 வருஷம் கழித்து. பணிக்கர் 1977லேயே போய்விட்டார், அதைப் பார்க்கவில்லை. அவர் மகன் நந்தகோபால் கூட இருந்து பார்த்தார், அவரும் 2017ல் போய்விட்டார். உங்களுக்கு மூன்று வருஷம்தான் ஆகியிருக்கிறது, ராசா.

அப்பாவிடம் இந்தக் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "அந்தப் பொதுக் கணக்கு ஆரம்பிச்சா ஒரு வருஷம் மாசம் ரெண்டாயிரம் நாம போடலாம், அவன்கிட்ட சொல்லு" என்றார். பென்ஷனில் அது பெரிய தொகை இல்லைதான், ஆனால் அவர் வாயிலிருந்து வந்தது என்பதற்காக எழுதுகிறேன்.

பிப்ரவரி இரண்டாம் வாரம் நெல்லை எக்ஸ்பிரஸில் டிக்கெட் போட்டிருக்கிறேன், நான் மட்டும்தான் வருகிறேன். லட்சுமி படத்தைக் கண்ணாடி எடுத்துவிட்டுத் துணியில் சுற்றிக் கொண்டு வருவேன், கரையான் அரித்த ஓரத்தை எப்படிச் சரி செய்வது என்று உங்களில் யாருக்காவது தெரியுமா என்று கேட்டு வை. அந்தக் கணக்கு நோட்டும் பெட்டியில் இருக்கிறது. வந்த மறுநாள் காலையில் இரண்டு பேரும் இஞ்சம்பாக்கம் போகலாம், பைக் வேண்டாம், பஸ்ஸில் போவோம். கூட்டத்துக்கு வராத அந்தப் பிள்ளையையும் கூப்பிடு.

அன்புடன்,
அம்மா
பாளையங்கோட்டை